ஹிரா மலையில் வெறுங்காலோடு

காலை ஏழு மணிக்கு மக்காவிலிருந்து டாக்ஸியில் புறப்பட்டோம். ஆளுக்கு இரண்டு ரியால். ஊருக்குப் பக்கத்துப் பாகாலாவில் ரயிலேறி, பம்பாயில் ஹஜ் கப்பலேறிய நாளிலிருந்தே என் மனைவி ஜைத்தூனுக்கு ஒரே ஆசை: நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ, அதாவது இறைச்செய்தி, இறங்கிய ஹிரா குகையில் இரண்டு ரக்அத் தொழவேண்டும். ஆனால் அவளுக்கு முட்டி வலி. வீட்டு மாடிப்படிக்கே சுவரைப் பிடித்துக்கொள்பவள்.

அடிவாரத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். புல் பூண்டு கிடையாது. மொட்டைப் பாறை நேரே வானத்தில் போய் நிற்கிறது. சுப்ஹானல்லாஹ்!

“நீ கீழயே குந்து. உனக்கும் சேத்து நான் துஆ கேட்டுட்டு வரேன்” என்றேன்.

“நபியோட மனைவி கதீஜா நாயகி அவருக்கு இந்த மலைல சோறு எடுத்துக்கினு ஏறினாங்களாம். நான் ஏறக்கூடாதா?” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“வுழுந்தா உன்ன யாரு தூக்கறது?” என்று அடக்கிவிட்டேன்.

நான் திருப்பதியில், அலிபிரி பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஏழுமலையான் கோயிலுக்கு மலையேறுகிறவர்கள் அங்கே அடிவாரத்தில் செருப்பைக் கழற்றுவதை முப்பது வருஷமாகப் பார்த்த கண். புனித மலை என்றால் வெறுங்கால்தான் என்று மனதில் ஊறிவிட்டது. யாரையும் கேட்கவில்லை, கழற்றி அவளிடம் கொடுத்தேன். டிரைவர் என் காலைக் காட்டிக் கையை ஆட்டினார். மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டரைக்குப் பாதி மலை. படிக்கட்டு இல்லை, பாறைக்குப் பாறை கால் வைத்து ஏறவேண்டும். வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்துவிட்டது. சரளை கிழித்துக் குதிகாலில் ரத்தம். ஏறுகிற அத்தனை பேர் காலிலும் செருப்பு! மேலேயும் போகமுடியாமல், கீழேயும் இறங்கமுடியாமல் ஒரு நிழலில் உட்கார்ந்தேன். அவள் ஆசையிலும் மண்ணைப் போட்டேனே என்று அழுகை வந்தது.

“ஏங்க!”

கீழ் வளைவில் ஜைத்தூன். ஒரு கை பாறையில், மறு கையில் என் செருப்பு.

“எல்லாரும் செருப்போட போய்க்கினு இருக்காங்க. நீங்க மட்டும் வெறுங்காலோட போறீங்களேன்னு மனசு கேக்கல.” அவளுக்கு மூச்சு இரைத்தது.

“முட்டி?”

“வலிக்காம இன்னா? அத்த வுடுங்க, கால நீட்டுங்க.”

பத்து மணிக்குக் குகை. இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். பாறை இடுக்கு வழியே தூரத்தில் மக்கா ஹரம் பள்ளிவாசலின் மினாராக்கள். அவளை முதலில் அனுப்பினேன். உட்கார்ந்தபடியே தொழுதாள். ‘ஓதுவீராக’ என்ற முதல் வஹீயின் சொல் உலகத்துக்கு வந்தது இத்தனை சின்ன இடத்திலா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இறங்கும்போது, “உன்ன குந்தச் சொன்னது தப்புதான்” என்றேன்.

“நாயகி சோறு கொண்டாந்தாங்க. எனக்குக் குடுத்து வெச்சது உங்க செருப்பு” என்று சிரித்தாள்.

ஊர் திரும்பிவிட்டோம். அலிபிரியில் யார் செருப்பைக் கழற்றினாலும், அதை யார் கையில் கொடுக்கிறார்கள் என்றுதான் இப்போது பார்க்கிறேன்.