இரண்டு முறை பைண்டிங் போட்ட ஆய்வேடு

அழகர்சாமி ஆறாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து எண்பத்து மூன்றில் ஓசூருக்கு வந்தார். லேத் பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளும் வேலையில் தொடங்கி, பதினோராம் வருடம் சிப்காட் அருகே சொந்தமாக மூன்று லேத் போட்டார். யாரும் தூக்கிவிடவில்லை. கம்பெனி இன்ஜினியர் அனுப்பும் டிராயிங்கில் அளவு பிசகியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "அவன் காலேஜ்ல படிச்சான், நான் கையில படிச்சேன்" என்பார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் வினையாகவும் ஆயிற்று.

மகள் வினிதா படித்தது அரபி இலக்கணம். குடியிருந்த வரிசை வீட்டில் பக்கத்துப் போர்ஷன் கவுசர்பீ, மாலையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுப்பார். விளையாட்டாக ஆறு வயதில் போய் உட்கார்ந்த வினிதா எழுந்து வரவேயில்லை. சென்னையில் எம்.ஏ. அரபி, வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை, கூடவே குர்ஆனின் நிபந்தனை வாக்கியங்களைப் பற்றி ஆறு வருட ஆராய்ச்சி. "நமக்கெதுக்கு அந்தப் பாஷை?" என்று கேட்ட சொந்தக்காரரிடம், "உன் மகன் இங்கிலீஷ் படிக்கானே, அவன் என்ன வெள்ளைக்காரனா?" என்று திருப்பிக் கேட்டவர் அழகர்சாமி.

பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அவரே ஆராய்ச்சியை விளக்குவார்.

"நமக்கு ஒரே ஒரு 'ஆல்'தான்யா. ஆர்டர் வந்தால், கரண்டு போனால். அரபியில அப்படிக் கிடையாது. ஆர்டர் வருமோ வராதோ, அதுக்கு 'இன்'. கரண்டு போறது நிச்சயம், அதுக்கு 'இதா'. குர்ஆன்ல எங்க எது வருது, ஏன் வருதுன்னு என் பொண்ணு ஒவ்வொரு வசனமா உக்காந்து பாத்திருக்கா."

அது தினமும் கரண்டு போன இரண்டாயிரத்து எட்டாம் வருடம். கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது.

அந்த நவம்பரில் வினிதாவின் பதிவுக் காலம் முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சென்னையில் ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளை ஒப்படைக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து, ஆறு வருடமும் வீண். அரபியிலேயே எழுதிய தாள்களை வீட்டிலேயே அச்செடுத்து, சான்றிதழ்ப் பக்கங்களில் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். ஆனால் திங்கள் முதல் மூன்று நாள் கல்லூரியில் தேர்வு மேற்பார்வை.

"பைண்டிங் சென்னையிலயே போட்டுக்கறேம்ப்பா."

"ஓசூர்ல இல்லாத பைண்டிங்கா? குடு இங்க."

கம்பெனிகளுக்கு ரிஜிஸ்டர் தைத்துக் கொடுக்கும் உள்ளூர்க்காரர் பெருமாள், தாளைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, மார்ஜினு வலது பக்கம் வுட்டிருக்குதே. எதுக்கும் பாப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

அழகர்சாமி பார்த்தார். வலது பக்கம் ஒன்றரை அங்குலம் காலி, இடது பக்கம் அரை அங்குலம்.

"பிரிண்டர்ல பேப்பர் தள்ளி ஓடியிருக்கு. எத்தனை டிராயிங் பாத்திருக்கேன், இது தெரியாதா? நீ இடது பக்கமே தை."

வீட்டு அலமாரியில் அரபிப் புத்தகங்கள் நிறைய இருந்தன. கிரீஸ் கையால் தொடக்கூடாது என்று ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

வியாழன் காலை வினிதா வீட்டுக்கு வந்தபோது பெருமாள் பிரதிகளோடு காத்திருந்தார். கருநீல அட்டை, தங்க எழுத்து. ஒன்றைத் திறந்த வினிதா மற்ற நான்கையும் அவசரமாகத் திறந்து பார்த்தாள். அரபி வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. நம் புத்தகம் முடிகிற பக்கத்தில் அரபிப் புத்தகம் தொடங்கும். தையல் வலது பக்கம் வர வேண்டும். இங்கே எல்லாம் மாறிக் கிடந்தது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் தையலுக்குள் மாட்டி, ஊசித் துளை விழுந்திருந்தது.

"பெருமாளண்ணே, மார்ஜின் எந்தப் பக்கம்னு பாத்தீங்கல்ல? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே? நாளைக்கு நாலு மணியோட என் ஆறு வருஷமும் போச்சு!"

பெருமாள் அழகர்சாமியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஓசூருக்கு வந்த இருபத்தைந்து வருடத்தில் "என் தப்பு" என்று அழகர்சாமி யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை என்பது அவர் நினைப்பு. இப்போதும் சும்மா இருந்தால் போதும், பழி பெருமாளோடு போய்விடும். பெருமாளும் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

"அவனைத் திட்டாதம்மா," என்றார். "அவன் கேட்டான். உன்னைக் கேக்கணும்னும் சொன்னான். இடது பக்கம் தைக்கச் சொன்னது நான். என் தப்பு."

அடுப்படியிலிருந்து மனைவி தங்கமணியின் குரல் வந்தது. "கையில படிச்சேன் கையில படிச்சேன்னு சொல்லுவீகளே, எந்தக் கையிலன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

வினிதாவுக்கு அழ நேரமில்லை. ஐந்து பிரதிக்குமாக ஆயிரத்து நானூறு பக்கமும் திரும்ப அச்செடுக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் அரபி எழுத்து தனித்தனியாக உடைந்து விழும், வீட்டில்தான் எடுக்க முடியும். பத்து மணிக்குக் கரண்டு போய்விடும்.

"நம்ம பட்டறை ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு?" என்றார் அழகர்சாமி.

லேத் ஓடினால் வோல்டேஜ் ஏறி இறங்கும், பிரிண்டர் தாங்காது. அன்றைக்கு ஒரு கம்பெனிக்குப் புஷ் என்னும் உதிரிப் பாகங்களைக் கடைந்து அனுப்ப வேண்டிய நாள். போன் செய்து சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு மூன்று லேத்தையும் நிறுத்தினார். பின்பக்கத்துப் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வயர் இழுத்தார். பேராசிரியர் கையெழுத்திட்ட தாள்களில் எழுத்து ஓரம்வரை வரவில்லை; அவற்றை மட்டும் பெருமாள் பிளேடால் தையல் பிரித்துச் சேதமில்லாமல் எடுத்தார். தங்கமணி பக்க வரிசை பார்த்தாள். அழகர்சாமி டீசல் ஊற்றினார், பேப்பர் போட்டார். ஒவ்வொரு கட்டுக்கும், "எந்தப் பக்கம்மா மேல?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

இரண்டு மணிக்கு அச்சு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் பெருமாள் ஐந்தையும் வலது பக்கம் தைத்து, அட்டை ஒட்டி, காய்வதற்காக மேலே பாரம் ஏற்றி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு கிளார்க் பிரதிகளை எண்ணி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தபோது மணி இரண்டே முக்கால். வினிதா ரசீதை மூன்று முறை படித்தாள்.

திரும்பும் பஸ் பூந்தமல்லியைத் தாண்டவில்லை, பக்கத்து சீட்டுக்காரரிடம் அழகர்சாமி ஆரம்பித்துவிட்டார்.

"என் பொண்ணு அரபி இலக்கணத்துல பிஎச்.டி. ஆய்வேட்டக் குடுத்துட்டு வர்றோம். பைண்டிங்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. யாரு பண்ணுனதுங்கீங்க? நான்தான்! அந்த மாதிரி ஒரு தப்ப ஓசூர்ல இன்னொருத்தன் பண்ணியிருக்க மாட்டான்."

"ப்பா, மெதுவா," என்றாள் வினிதா.

அவர் மெதுவாகப் பேசவில்லை.