மகள் போய் வரும் வீடு

தீபாவளிக்கு வந்த என் மகள் திரும்பக் கல்லூரிக்குப் போகவில்லை. கிளம்ப வேண்டிய காலையில் அவளுக்காக முறுக்கும் காய்ச்சல் மாத்திரையும் கட்டி வைத்திருந்தேன். அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பிறகு கதவு திறந்தது, ஆனால் அவள் பேசவில்லை.

நான் கேட்டேன். பாடம் புரியவில்லையா, விடுதியில் யாராவது ஏதாவது சொன்னார்களா, உடம்பில் ஏதாவது செய்கிறதா, யாரையாவது விரும்புகிறாயா. ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்பது என் வழக்கம். அவள் அப்பா இறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிப் படுத்தாள். காலையில் நான் மூடி வைத்துவிட்டுப் போகும் சோறு மாலையில் அப்படியே இருக்கும். அதைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவுவேன்.

வெளியே நான் பொய் சொன்னேன். நல்லூரில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும், பொண்ணுக்குப் படிக்கிற லீவு என்றேன். என் தோழியிடமும் அதையேதான் சொன்னேன். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தோழி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நான் துணி வெட்டும் கட்டிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் பன்னிரண்டு வருடம் நின்றவள். இடுப்பு வலியால் நிற்க முடியாமல் போய், இப்போது வேலம்பாளையத்தில் வீட்டில் உட்கார்ந்து, தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டுகிறாள். அவளுடைய மகன் பத்தாம் வகுப்பில் தவறியபோது, மறுதேர்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கூடவே போனவள் நான். என் கணவரின் காரியம் முடியும்வரை என் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள். எங்கள் செக்கிங் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி முகம் சரியில்லாமல் வந்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அவள் முன்னால் குவிந்திருக்கும் துணியில் பாதியை இழுத்துத் தங்கள் பக்கம் போட்டுக்கொள்வார்கள். அதை அந்த மேசையில் தொடங்கி வைத்தவளே என் தோழிதான். அப்படிப்பட்டவளிடம் போனில், 'புள்ள நல்லாப் படிக்குது' என்றேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மேசையில் நீலத்துணி விரித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து போன் வந்தது. வருகை குறைந்துவிட்டது, இந்த முறை தேர்வு எழுத முடியாது, அடுத்த ஆண்டு திரும்பச் சேரலாம் என்றார்கள். சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை விரித்தேன்.

சாயம் ஒவ்வொரு முறை போடும்போதும் நிறம் ஒரு நூல் மாறும். அதனால் ஒரே சாயத்தில் நனைந்த ஒரு லாட் துணி முடிந்து அடுத்த லாட் தொடங்கும் இடத்தில் நடுவே ஒரு தாளை விரிக்க வேண்டும். வெட்டிய பிறகு அந்தத் தாளை வைத்துத்தான் பிரிப்போம். இருபது வருடமாகத் தாள் போட மறக்காத நான் அன்று மறந்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நீலம். மறுநாள் தைத்து வந்த முதல் பனியனை ஒருத்தி ஜன்னலோரம் கொண்டுபோனாள். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலமாக இருந்தது.

முதலாளி சத்தம் போடவில்லை. "ஏனுங்க, உங்க கையில இப்பிடி ஒரு நாளும் ஆனதில்லீங்களே" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. திங்கட்கிழமை தையலுக்குப் போவதற்குள் பிரித்துத் தந்துவிடுகிறேன் என்றேன்.

தோழிக்குப் போன் செய்தேன். நிறத்துக்கு அவள் கண்ணை மிஞ்சிய கண் இல்லை. அவள் காரணம் கேட்கவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கம்பெனி மொட்டை மாடியில் வந்து நின்றாள். வெட்டிய துணிகளை வெயிலில் பரப்பினோம்.

"இதுக ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள்லாக்கா. எது மூத்ததுன்னு பெத்தவங்கதான் சொல்லணும்" என்று இரண்டு கைத்துண்டுகளைத் தூக்கிக் காட்டினாள். சிரிக்கப் போனேன். அழுகை வந்துவிட்டது. அவள் என் பக்கத்துக் குவியலில் பாதியை இழுத்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டாள்.

வெகுநேரம் நிறம் பார்த்துப் பிரித்தோம். வெயில் ஏறிய பிறகு நானே கல்லூரிப் போனைப் பற்றிச் சொன்னேன். மகள் வீட்டில்தான் இருக்கிறாள், தின்பதில்லை, பேசுவதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டை மடித்துக் கீழே வைத்தாள்.

"அவ பட்டினி இல்லக்கா" என்றாள். "எங்க வீட்லதான் சாப்பிடுதா. நீங்க வேலைக்கு வந்ததும் பஸ் ஏறி வந்துருதா. மூணு வாரமாச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். மகள் ஒரு நாள் பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றாளாம். உட்கார்ந்து பிசிறு வெட்டினாளாம். முதல் நான்கு நாள் பேச்சே இல்லையாம். ஐந்தாம் நாள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசத் தொடங்கினாளாம். நான் பயந்ததுபோல யாரும் அவளை எதுவும் செய்துவிடவில்லை. வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை, எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், தனியாக நின்றுவிட்டாள், அவ்வளவுதானாம்.

"என்ர புள்ள எங்கிட்ட ஏனம்மிணி சொல்லுல?" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு, "அம்மா மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயம் வருது சித்தின்னு அவ சொன்னா. ஒண்ணு சொன்னா அம்மா பத்து நெனைக்குமாம். அதையும் அவதான் தாங்கணுமாம்" என்றாள். சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். நீங்க பிள்ளை பட்டினின்னு அழுதா நான் என்ன செய்யட்டும்?"

பிள்ளை சாப்பிடுகிறாள். அந்த நிம்மதியில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அதே நிமிடத்தில், அந்த மாடியில் எனக்கு யாருமே இல்லை என்றும் இருந்தது. தோழியின் மேல் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. நான் அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அவள் என் மகளுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று மகளிடம் சொல்லிவிடட்டுமா என்பதுபோல் தோழி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். தெரிந்தால் அங்கேயும் போகமாட்டாள்.

அன்று வேலை மூன்று மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போனேன். மகள் படுத்திருந்தாள். கேட்க ஆயிரம் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்டுவிடுவேன் என்று, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

அதற்குப் பிறகும் காலையில் சோறு மூடி வைக்கிறேன், மாலையில் கொட்டுகிறேன். இப்போது கொஞ்சமாகத்தான் வடிக்கிறேன். சனிக்கிழமை தோறும் தோழி போன் செய்வாள். இந்த வாரம் சிரித்தாள், இந்த வாரம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன் என்பாள். என் மகள் சிரித்ததை நான் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவள் சொன்ன மற்றவற்றைத் தோழி சொல்வதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. போனை வைத்த பிறகு வீடு இன்னும் பெரிதாகிவிடும். பக்கத்து வீட்டில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும்.

போன வாரம் ஒரு மாலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் அறையிலிருந்து வந்து சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு ஒரு எடத்துக்குப் போறேன். வர ஆறு மணி ஆகும். எங்கேன்னு இப்பக் கேக்காதம்மா."

வேலம்பாளையமாக இருக்காது. அங்கே போவதை அவள் இத்தனை நாள் என்னிடம் சொன்னதில்லை. கல்லூரியா, வேலை தேடியா, யாரோடு, எந்தப் பேருந்தில்? முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதென்று பாத்திரத்தின் மேல் குனிந்துகொண்டேன்.

"சரி கண்ணு" என்றேன்.

அவள் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.