வேர்க்குருவோடு ஓடியவர்கள்

ஓடச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பாதி நேரம் மற்றவர்கள் முதுகைப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. நான் ஊத்துக்கோட்டைக்காரன். சத்தியவேட்டில் ஒரு மைதானத்தில் காலையில் பயிற்சி தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் போலீஸ் தேர்வுக்காக ஓடுகிறவர்கள். மீதிப் பேர் பக்கத்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து தொப்பை போட்டவர்கள். சித்திரை பிறந்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் கிடையாது, எல்லோரும் சொறிவார்கள். பேருந்துக் கம்பியில் முதுகைத் தேய்த்தபடி வீடு திரும்பியிருந்தால் நீங்களும் நம் ஆள்தான்.

பெட்டிக்குச் சுற்றும் தாள்

தேவராஜ் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர். வேர்வை அதிகம் கொட்டினால் தொப்பை கரையும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டிகளின் மேல் இறுக்கிச் சுற்றுவார்களே, அந்த பிளாஸ்டிக் தாளை வயிற்றில் எட்டுச் சுற்று சுற்றி, மேலே பனியன் போட்டு ஒரு வாரம் ஓடினார். ஓடும்போது சரசரவென்று சத்தம் வரும். புதுத் துணி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் பிரித்துக் காட்டினார். மார்புக்குக் கீழே இடுப்பு வரை சிவப்பாக, பொரிபொரியாக இருந்தது. வேர்வை வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள் நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும், போனது தண்ணீர், தொப்பை அங்கேயேதான் இருக்கிறது என்று சொன்னேன். வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெட்டிக்குச் சுத்துனா ஒண்ணும் ஆவறதில்ல சார், எனுக்கு மட்டும் ஏன் இப்டி?"

பவுடர்

மஞ்சுளா பக்கத்துக் கிராமத்துப் பெண். அவளுக்கும் தொழிற்சாலையில்தான் வேலை. கான்ஸ்டபிள் தேர்வில் சென்ற முறை ஓட்டத்தில் சில நொடிகளில் தோற்றவள். வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ஓடுவதற்கு முன் கழுத்திலும் முதுகிலும் பவுடரைக் கொட்டிக்கொண்டு, அதன் மேல் வழவழப்பான டிராக் சூட்டைத் தொண்டை வரை ஜிப் போட்டுக்கொள்வாள். இரண்டாவது சுற்றில் பவுடர் பசையாகிவிடும். மூன்றாவது சுற்றில் கை கழுத்துக்குப் போய்விடும்.

ஓடப்போகும்போது எதையும் பூசாதே, தளர்வான பருத்திச் சட்டை போடு, ஓடி முடித்ததும் ஈரத் துணியை மாற்று, தண்ணீரில் உடம்பை அலசு, தோல் நன்றாகக் காயட்டும் என்றேன். மறுநாள் அண்ணனின் பழைய சட்டையில் வந்தாள். முகத்தில் மட்டும் பவுடர் அப்படியே இருந்தது. கேட்டதற்குத் தெலுங்கு கலந்து சொன்னாள்: "மூஞ்சி பர்வாலேது சார், அங்க போட்டோ எடுப்பாங்களாம், இப்பவே பழகிக்கினு இருக்கேன்."

சந்தனம்

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் நிறத்தில் ஒரு தலை மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே வந்த பிறகுதான் மஞ்சுளா என்று தெரிந்தது. மலைக்குப் போய் மொட்டை போட்டு, சந்தனத்தை அடை கனத்துக்கு அப்பியிருந்தாள். அது வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் வேர்வை. சந்தனம் குளிர்ச்சிதான், உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. கழுவிப் பார்த்தால் உச்சியிலிருந்து பிடரி வரை வேர்க்குரு.

"வேண்டிக்கிட்டது நடந்தப்புறம்தானேம்மா மொட்டை போடுவாங்க?" என்றேன். என்னைப் பார்த்து அவளுக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். "போலீசு ஆனப்புறம் மொட்டைக்கு யாரு சார் லீவு குடுப்பாங்க?"

எண்ணெய்

நான்கு நாள் ஓட்டத்தை நிறுத்தினேன். தலையில் தண்ணீர், மின்விசிறிக் காற்று, வேறெதுவும் கூடாது, சொறியக் கூடாது. டாக்டரும் அதையேதான் சொன்னார். நான்கு நாள் ஓடாவிட்டால் சேர்த்த வேகமெல்லாம் போய்விடும் என்று அழுதாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு நாளாகியும் வேர்க்குரு அடங்கவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவளுடைய அம்மா தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி மகளின் மொட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் துளைகளை அடைக்கும், வேர்வை வெளியே வராது என்று பொறுமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பளபளன்னு ஒரு தலைய முன்னால வெச்சிக்கினு, எண்ணெ வெக்காம எப்டி சார் கைய கட்டிக்கினு இருக்கறது?"

சித்தூர்

எண்ணெய் நின்றதும் குரு அமுங்கியது. மிச்சமிருந்த நாட்களில் வெயில் ஏறுவதற்கு முன் அரை வேகத்தில் ஓட வைத்தேன். தேர்வு சித்தூரில். அங்கே அவளுடைய முறை வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கடைசிச் சுற்றில் அவள் வேகம் குறைந்தது. கை தலைக்குப் போனது. சொறியாமலே இறங்கியது. பிறகு அவள் ஓடிய மாதிரி ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

வெளியே வந்தவள் தலையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு, "நாலு செகண்டு மிச்சம் சார்" என்று சிரித்தாள். வாசலில் அடுத்த முறைக்காகக் காத்திருந்தவர்களில் கங்காதர நெல்லூர்ப் பெண் ஒருத்தி, நனைந்த பின்னலைக் கழுத்திலிருந்து பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள். பின்னலுக்கு அடியில் கழுத்தெல்லாம் சிவப்பு. மஞ்சுளாவின் தலையிலிருந்து தண்ணீர் தங்குதடையில்லாமல் இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இங்க பக்கத்துல மொட்டை அடிக்கறவங்க யாருனா இருக்காங்களா?"

வேர்வைக்கு வழி விடுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். கேட்காதவர்கள் சந்தனம் தேடுகிறார்கள், கேட்டவர்கள் சவரக்கத்தி தேடுகிறார்கள்.