லைனில் நின்றவள்

எனக்குப் பொறுமை குறைவு. முதியோர் கல்வி வேலைக்கு அது ஆகாது என்று என் மேற்பார்வையாளர் பலமுறை சொல்லியிருக்கிறார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஒரு கிராமத்தில், சமுதாயக்கூடத்தில், மத்தியான வேளைகளில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காட்டு வேலைக்குப் போகிறவர்கள், டவுனில் தறிக்குப் போய் வருகிறவர்கள், அப்புறம் கணவர் சவுதியில் இருக்கிற ஒரு பெண்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே ஆசைதான். கணவருக்குச் செல்போனில் தன் கையாலேயே நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுப் பேச்ச அடுத்தவுககிட்டச் சொல்லி எழுதச் சொல்ல வெக்கமா இருக்கு டீச்சர்" என்றாள். மாமியார் ரொம்ப யோசித்து, ஊர் வாயில் விழக் கூடாது என்று சொல்லித்தான் வகுப்புக்கு அனுப்பினார். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தபோது ஊரடங்கு வந்து கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

இனி எல்லாம் போனில்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த ஊரில் பாதிப் பேரிடம் பட்டன் போன். அதிலேயே எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பாடம் நடத்திவிடலாம் என்று யோசனை சொன்னவள் நான். பாராட்டினார்கள், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. வகுப்பில் மூத்தவரான ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு கிளாஸ். எல்லாரையும் லைன்ல இருக்கச் சொல்லுங்க" என்றேன். வேறு வேலை கிடந்தது, அவசரமாக வைத்துவிட்டேன்.

மறுநாள் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருத்தரும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர்களுக்காக மெனக்கெடுகிறேனே, என்னைச் சொல்ல வேண்டும் என்று வாய்விட்டே திட்டினேன். மேற்பார்வையாளர் விசாரித்தபோது, "யாருக்கும் ஆர்வம் இல்ல சார். இடைநின்றவங்கன்னு வச்சுக்கலாம்" என்றேன். படிப்பைப் பாதியில் விடுகிறவர்களுக்கு எங்கள் வேலையில் அதுதான் பெயர்.

சாயங்காலம் அந்த மூத்த அம்மாவே கூப்பிட்டார்.

"என்ன டீச்சர், எங்கள லைன்ல நிக்கச் சொல்லிட்டு நீங்க வராம இருந்துட்டீக?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அந்த ஊரில் லைன் என்றால் ரேஷன் கடை லைன். கடை இருப்பது சமுதாயக்கூடத்துக்கு எதிரே. ஆள் இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். இவர்கள் தலை சீவி, நோட்டை எடுத்துக்கொண்டு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெயிலில் போய் நின்றிருக்கிறார்கள்.

"தள்ளித் தள்ளித்தான் நின்னோம் டீச்சர். ஒரு ஆளுக்கு ஒரு வட்டம்."

ரோந்து வந்த போலீஸ்காரர், பூட்டிய கடை முன்னால் என்ன கூட்டம் என்று கேட்டிருக்கிறார். படிக்க நிற்கிறோம் என்றதும், கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்துக் கம்பை ஓங்கியிருக்கிறார். எல்லோரும் சிதறி ஓடினார்களாம். யாரோ அதைப் படம் பிடித்து ஊர்க் குழுவில் போட, பொழுது சாய்வதற்குள் அது சவுதிக்கும் போய்விட்டது. படத்தில் முதல் வட்டத்தில் நின்றவள் அந்தப் பெண். அவள் எழுத நினைத்த நாலு வரிக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்தது.

பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

"தப்பு என்னோடதும்மா. நான் சொன்ன வார்த்தை அப்படி ஆயிருச்சு" என்றேன்.

"யாரு தப்பா இருந்தா என்ன டீச்சர். போலீசு வெரட்டுறத அவன் அங்கன இருந்து பாத்திருக்கான். படிச்சது போதும்னுட்டான். நான் என்ன செய்ய?"

திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியதுதான் தாங்க முடியவில்லை. குடித்த டம்ளரை வாங்க அவள் வந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் ஓடுன பெறகும் நான் கொஞ்ச நேரம் நின்னேன் டீச்சர். எப்பிடியாச்சும் வந்துருவீகன்னு."

கூடம் திறந்ததும் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை. அலுவலகக் கூட்டங்களில் இடைநிற்றலைப் பற்றி இப்போதும் மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் நின்றாள். வராமல் போனது நான்தான்.