கடைசி வயலின் மடை

பேராவூரணிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கோடிங் முகாம் நடத்தினேன். திரையில் ஒரு வாய்க்கால், அதன் கரையில் வரிசையாக ஐந்து வயல்கள். கட்டளைகளை அடுக்கி, ஒவ்வொரு மடையாகத் திறந்து எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு இது போதும் என்று நினைத்திருந்தேன்.

சுற்றி வந்து பார்த்தால், முதல் மேசையில் கடைசி வயலின் மடையை முதலில் திறந்திருந்தார்கள். அடுத்த மேசையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரைப் பாத்துப் போட்டீங்க எல்லாரும்? மொத வயல்லேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?"

ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்தாள்.

"யாரையும் பாக்கல மிஸ். எங்க ஊரு கடைமடை, வாய்க்கால் முடியற இடம். பாதியில தண்ணிய நிறுத்திட்டா, மேல உள்ளவங்க வயலு ஓரளவு தாங்கும். கடைசி வயலு காஞ்சிடும் மிஸ்."

மற்ற பிள்ளைகள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. எத்தனையோ வருடங்களாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். தண்ணீர் பாதியில் நின்றுவிடும் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தோன்றவில்லை.