நாலு வரை எண்ணத் தெரியாதவன்

இது நடந்தது. கட்டுக்கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள், எனக்குக் கட்ட வராது. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். 2001 மார்ச் 23, வெள்ளிக்கிழமைப் பக்கத்திலும் மறுநாள் பக்கத்திலும் இருப்பதைத்தான் இங்கே பெயர்த்து எழுதுகிறேன். கடைசி நாலு வரியில் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஞாபகத்தை நம்பியிருக்கிறேன். அது தப்பாகவும் இருக்கலாம்.

அப்போது எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கடைத்தெருப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் மாலை வகுப்பில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில், பெங்களூர் ரோஹித் நடத்திய ஜெராக்ஸ் பத்திரிகைக்கு, மெட்டல் என்கிற கத்தல் ராக் இசைக் கேசட்டுகளுக்கு விமர்சனம். கடையில் தொங்குகிற மெட்டல் இல்லை. வீட்டு அறையில் பதிந்து, முப்பது காப்பி எடுத்து, தபாலில் கைமாறுகிற ரகம்.

பெரும்பாலும் குப்பை. பனியையே பார்க்காதவன் பனிக்காட்டைப் பற்றிக் கத்துவான். ‘நரகத்தில் பதிவு செய்யப்பட்டது’ என்று அட்டையில் போட்டிருக்கும், கேட்டால் பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும். மறுபதிப்பு வந்தால் இன்னும் மோசம். அதே குப்பை, புது அட்டை.

எங்கள் ஊரிலும் ஒரு குழு இருந்தது. பெயர் ‘சயனைடு டம்ப்’. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேட்டின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். அதன் மேலேயே ஏறி நின்று படம் எடுத்தார்கள். முகத்தில் அம்மாவின் பவுடர், கண்ணைச் சுற்றி மை. பாடுகிறவன் கிறிஸ்டோ. சாத்தானைக் கூப்பிட்டு ஆறு பாட்டு. ஞாயிறு காலையில் அம்மாவோடு சர்ச்சில் பூசை. கரண்ட் போனால் முதலில் அலறுகிறவனும் அவன்தான்.

1998இல் அவர்களுடைய கேசட்டுக்கு நான் எழுதியதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று: ‘மூன்றாவது பாட்டுக்கு முன்னால் டிரம்ஸ்காரர் தொடக்கத்துக்கான நாலு எண்ணிக்கையைத் தட்டுகிறார். மூன்று தட்டி நிறுத்தி, யோசித்து, அப்புறம் ஒன்று. நாலு வரை எண்ணத் தெரியாதவர் டிரம்ஸுக்கு ஏன் வந்தார்?’ இரண்டு: ‘அதே இடத்தில் கேட்கும் இருமல்தான் இந்தக் கேசட்டிலேயே உண்மையான ஒரே சத்தம்.’

டிரம்ஸ் வாசித்த வின்னிக்கு ஊரில் ‘மூணு-ஒண்ணு’ என்று பெயர் வந்தது. அவன் டிரம்ஸை விட்டுவிட்டான். எனக்கு வருத்தம் இல்லை என்றுதான் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு 8.30. வகுப்பு விட்டு வெளியே வந்தால் கிறிஸ்டோவும் வின்னியும் நிற்கிறார்கள்.

“இன்னா ஜட்ஜ் ஐயா,” என்றான் கிறிஸ்டோ. “ரோஹித் நம்ம டேப்ப மறுபடியும் போடறானாம்.”

“குப்பைக்குப் புது அட்டையா?”

“உன் வாயில நல்லதே வராதா மச்சி? மூணாவது பாட்டுக்கு முன்னாடி அந்தத் தட்டல மட்டும் எடுத்துட்டு சுத்தமா ஒரு காப்பி குடு. காலைல ரயிலுக்கு எடுத்துனு போவணும். டேப் புடிச்சிருந்தா அவன் கேசட் கடையிலயே வேலை தரேன்றான். மைன்ஸும் மூடிட்டாங்க. இத விட்டா எனக்கு இங்க இன்னா இருக்குது?”

வின்னி என்னைப் பார்க்காமல் சொன்னான். “நான் தட்டவே இல்லடா. இவன் தலைய ஆட்டுவான், நான் ஆரம்பிப்பேன். எண்ணிக்கையே கெடயாது.”

“அப்போ தட்டினது யாரு, உங்க சாத்தானா?”

“நானும் இருமல,” என்றான் கிறிஸ்டோ.

நான் சிரித்தேன். கேசட்டைக் கையில் கொடுத்த கிறிஸ்டோ, போகும்போது குரலைத் தாழ்த்தினான். “எங்கம்மா கண்ணுல மட்டும் இது படக்கூடாது. இன்னா?”

பாலகாட் என்கிற சுரங்கக் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கேஜை, அதாவது சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, இயக்கும் எஞ்சின் டிரைவர் அவர். பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியதிலிருந்து எட்டு மணிக்கே படுத்துவிடுவார்.

பேய்க் கதைகளில் மணி பன்னிரண்டாக இருக்கும். எனக்கு 9.10.

கேசட்டைப் பார்த்தேன். பழுப்பு நிறம். மேல் விளிம்பில் இரண்டு ஓட்டைகளிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. யாரோ அழியக்கூடாது என்று முனையை உடைத்து வைத்த கேசட். இந்த மகாகலைஞன் அதை அடைத்து, அதன் மேலேயே பதிந்திருக்கிறான். அம்மாவின் ஜெபப் பாட்டாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரட்டை டெக்கில் காப்பி ஓடியது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் பதிகிற பக்கத்தை நிறுத்தினேன். ஹெட்போனில் இருமல். பிறகு... டக். டக். டக். இடைவெளி. டக். கிடார் தொடங்கியதும் பதிவை விட்டேன். சுலபமான வேலை.

9.32. காப்பியைப் போட்டுச் சரிபார்த்தேன். இரண்டாவது பாட்டு முடிந்தது. இருமல். டக். டக். டக். ... டக்.

நான் நிறுத்தித்தானே வைத்திருந்தேன்? விரல் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. என் வேலையில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. ‘பட்டன் சரியில்லை’ என்று குறித்துக்கொண்டேன்.

9.41. புது கேசட். உறையைக் கிழித்தேன். இந்த முறை இரண்டாவது பாட்டு முடிந்ததும் மூலக் கேசட்டை வெளியிலேயே எடுத்துவிட்டேன். மூன்றாவது பாட்டுக்கு நேராகத் திருப்பி வைத்துப் பதிந்தேன். இதில் தப்பு வர வழியே இல்லை.

வந்தது. இப்போது இரண்டு முறை. மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று. இருமல் காதுக்குப் பக்கத்தில்.

9.58. புதுக் கேசட்டின் மறுபக்கம். அதில் யாரும் எதையும் பதியவில்லை. ஏன் போட்டுப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

முதலில் இரைச்சல்.

பிறகு மூச்சு. உள்ளே போக முடியாமல் கீறிக்கொண்டு போகும் மூச்சு. கல்தூசி அடைத்த நெஞ்சின் மூச்சு. எங்கள் ஊரில் அதைத் தெரியாதவர் கிடையாது.

டக். டக். டக்.

நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். சக்கரங்கள் நின்றன. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

டக்.

அது ஹெட்போனில் கேட்கவில்லை.

தரையில் கேட்டது. என் காலுக்குக் கீழே.

கைகள் மேசையைப் பிடித்துக்கொண்டன. சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பு என்று சொல்லிக்கொண்டேன். இங்கே பூமி அடிக்கடி ஆடும். ஆனால் பூமி எண்ணாது...

டக். டக். டக்.

டக்.

உள்ளறையில் அப்பாவின் குரல்.

“மூணு அடிச்சிட்டான்... ஆளு ஏறுது.”

ஓடிப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. வலது கை மட்டும் காற்றில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் அடிச்சிட்டான். தூக்கணும்... ஏன்டா நிக்கிறீங்க?”

அப்போதுதான் புரிந்தது. கேஜ் மணி. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது. அப்புறம் ஒன்று அடித்தால், மேலே தூக்கு. இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மூன்று வருடமாக எனக்குத்தான் உறைக்கவில்லை. அந்த மணி இரும்பில் ஒலிக்கும்.

இது மரத்தில்.

“எஞ்சின் ஓடலியே,” என்றார் அப்பா. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “எஞ்சின நிறுத்திட்டாங்களே...”

டக்.

டக்.

இப்போது மூன்று இல்லை. ஒன்று மட்டும். திரும்பத் திரும்ப.

மெதுவாக...

10.20க்கு நின்றது.

விடிகிற வரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலை 5.30. எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற பகுதியில் கிறிஸ்டோவின் வீடு. அவன் அம்மா பிலோமினா கதவைத் திறந்தார். மூலக் கேசட் என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. அம்மா கண்ணில் படக்கூடாது என்று அவன் சொன்னது எனக்கு நினைவில் இல்லை.

“இது எங்கூட்டு கேசட் ஆச்சே?” பிடுங்குவதுபோல் எடுத்தார். “நேசமணி டீச்சர் டேப்ல புடிச்சுக் குடுத்தது. எங்க கண்ணு கெடச்சுது?”

“என்ன கேசட் ஆண்ட்டி?”

“கிறிஸ்டோ அப்பா அடக்கம்.”

கிறிஸ்டோவின் அப்பா மரியகுழந்தை, சுரங்கத்தில் வேலை பார்த்து வந்த நெஞ்சு நோயில் செத்தது எனக்குத் தெரியும். அந்தக் கேசட் வந்த அதே வருடம். வீட்டுக்குள்ளிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய கிறிஸ்டோ அப்படியே நின்றான்.

எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. பழைய பதிவு முழுதாக அழியவில்லை, அவ்வளவுதான். இருமியது கூட்டத்தில் யாரோ. தட்டியது ஆணி.

“பெட்டிக்கு ஆணி அடிச்ச சத்தமும் இதுல இருக்கா ஆண்ட்டி?”

“ஆணி ஊட்லயே அடிச்சாச்சே. இது கல்லறையில புடிச்சது. பெட்டிய எறக்கினப்புறம்.”

“அப்போ டக் டக்னு...”

“சர்ச் சாமியார் மண்ணு போட்டது. மூணு பிடி.”

மூன்று. சரி. அது மண்.

அவர் கேசட்டை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

“மூணு வருசமா இதத்தான் தேடினுகிறேன். ஒரே ஒரு தபா கேட்டுப் பாத்துட்டா போதும்னு. சாமியார் போட்டது மூணு பிடி. நான் எண்ணினேன். அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு. யாரும் கைய நீட்டல கண்ணு. நான் கத்தினேன். மண்ணு சரிஞ்சிருக்கும்னு சொல்லிட்டு மூடிட்டாங்க.”

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. கிறிஸ்டோ அசையவில்லை.

“நீ கேட்டியே, சொல்லு,” என்றார் பிலோமினா. “எத்தினி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கதவில் விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். மூன்று.

நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

ஒன்று.