சித்திக்கு வைத்த தாவணி

நெதர்லாந்தின் உத்ரெக்டில் எங்கள் தெருவில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. விளக்கு வைத்த பிறகு நடந்து போனால் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் அப்படியே தெரியும். கதவு மட்டும் பூட்டியே இருக்கும். உத்தமபாளையத்தில் மாமா வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்து கிடக்கும். யாரும் உள்ளே வரலாம். சித்தியைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அப்படிப் போன பெண்ணைக் கன்னிசாமியாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பொங்கலுக்கு மறுநாள் மாமா வீட்டில் புது முறத்தில் தாவணி, வளையல், பூ வைத்து அம்மா விளக்கேற்றுவார். விசா கிடைக்க வேண்டும் என்று நானும் அங்கேதான் வேண்டிக்கொண்டேன். கிடைத்தது.

இங்கே மாலை வகுப்பில் ஆவணப்படம் எடுக்கக் கற்றபோது அந்தப் பூசையையே எடுப்பதென்று முடிவுசெய்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போய், அம்மாவின் சேலையில் சின்ன மைக்கைக் குத்திவிட்டுப் படம் பிடித்தேன். பூசை முடிந்ததும் அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நிற்பதையும் தூரத்திலிருந்து எடுத்தேன். அம்மாவின் சேலையில் மைக் இருப்பது நினைவுக்கு வரவில்லை. சாயங்காலம் பதிவைச் சரிபார்க்கையில் முதலில் அத்தையின் சிரிப்பு கேட்டது.

"இந்த வருசமும் தாவணியா மதினி? அவ பேத்தியே தாவணி போட ஆரம்பிச்சிருப்பா."

"மெல்லப் பேசு. ராயப்பன்பட்டி மாதா கோயில் வேதக்காரப் பையனோட போன அன்னைக்கே எங்க அய்யா அவளத் தலைமுழுகிட்டாக. இனிமே உசுரோட இருக்கான்னு சொன்னா, இத்தன வருசம் கும்பிட்டதுக்கு என்ன அர்த்தம்? எம்மக வெளிநாடு போனதே அவ புண்ணியம்."

மறுநாள் பேருந்து நிலையத்தில் ராயப்பன்பட்டி வண்டி நின்றது. சாமியிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியும். சித்தியிடம் என்ன கேட்பது? ஏறவில்லை.

இங்கே திரும்பி வந்து, வகுப்பாசிரியை மாரெய்க்கவிடம் அந்தப் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் துள்ளி எழுந்தார். "சித்தி உயிரோடு இருக்கிறார்! கூப்பிட்டுப் பேசவையுங்கள். அம்மா எவ்வளவு சந்தோஷப்படுவார்!"

"முடியாது. அவர் எங்கள் சாமி."

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் வெகுநேரம் சிரித்தார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அம்மா தொலைபேசியில் கேட்டார். "படத்துல சித்தி நல்லா விழுந்துச்சா ஆத்தா?"

"நல்லா விழுந்துச்சும்மா."

"அங்கன எல்லாரும் பாப்பாகளா?"

"பாப்பாக."

"பாத்துக் கும்பிட்டுக்கிறச் சொல்லு. கேட்டதக் குடுப்பா."

படத்தில் அந்தக் கொல்லைப் பேச்சு வரும் இடத்தில் ஒலியை எடுத்துவிட்டேன். முருங்கை மரத்தடியில் இரண்டு பெண்களின் வாய் அசைகிறது, அவ்வளவுதான். மைக் பழுது என்று வகுப்பில் மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியவில்லை. சன்னலோரம் ஒரு தாவணியை மடித்து வைத்து விளக்கேற்றினேன். தெருவில் போன ஒருவர் அதைப் பார்த்துக் கையசைத்தார். அன்றைக்கே ஒரு திரை வாங்கி வந்து மாட்டினேன். எங்கள் தெருவில் மூடியிருக்கும் சன்னல் இப்போது அது ஒன்றுதான். உள்ளே, உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு விளக்கு எரிகிறது.